மின்காந்தவியலின் வரலாறு – 6: நிலைக்காத மின்னோட்டம்

மின்னோட்டம் பாயும் கம்பி தன்னருகே உள்ள காந்த ஊசியைத் திருப்புகிறது என்று கோபன்ஹேகன் பேராசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் 1820 ஜூலையில் வெளியிட்ட சிறிய இலத்தீன் அறிக்கை, மின்சாரமும் காந்தமும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று இரு நூற்றாண்டுகளாக நிலவிவந்த கருத்தைத் தகர்த்ததைச் சென்ற இயல் விவரித்தது. மின்சாரத்திலிருந்து காந்தம் கிடைக்குமாயின் காந்தத்திலிருந்து மின்சாரமும் கிடைக்கவேண்டும் என்ற மறுதலை எண்ணம் ஐரோப்பிய ஆய்வாளர் பலருக்கும் உடனே எழுந்தது; ஆயினும் அந்த மறுதலை மெய்ப்பிக்கப்பட 11 ஆண்டுகள் பிடித்தன. தேவையான பொருள்களில் எதுவும் அக்காலத்தில் கிடைத்தற்கரியதாக இல்லை: செம்புக் கம்பி இருந்தது, வோல்ட்டா வகுத்த மின்கல அடுக்கு இருந்தது, வலிய எஃகுக் காந்தங்கள் இருந்தன, மெல்லிய மின்னோட்டத்தையும் ஊசியின் விலக்கத்தால் காட்டும் கால்வனாமீட்டர் 1820ஆம் ஆண்டிலேயே ஷ்வைகரின் கையால் உருவாகிவிட்டது. எனவே தாமதத்தின் காரணத்தைக் கருவிகளில் தேடுவதைவிட, அக்கருவிகளிடம் கேட்கப்பட்ட கேள்வியில் தேடுவதே பொருத்தமாகும்.

அந்தக் கேள்வி நிலைமின்னியலிலிருந்து இரவலாக வந்தது. மின்னேற்றம் பெற்ற ஒரு பொருளை ஓர் உலோகத் துண்டின் அருகே வைத்தால், தொடாமலேயே அத்துண்டில் எதிர்வகை மின்னேற்றம் முன்புறம் திரள்கிறது. இதற்குத் தூண்டல் என்று பெயர். மின்னேற்றம் பெற்ற பொருள் அருகில் இருக்கும்வரை தூண்டப்பட்ட மின்னேற்றமும் இருக்கும். காந்தத்தின் அருகே வைத்த இரும்பும் அவ்வாறே, காந்தம் விலகும்வரை தானும் காந்தமாக நிற்கும். இவ்விரண்டையும் பார்த்துப் பழகியவர்கள், ஒரு கம்பியில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்வரை அதன் அருகிலுள்ள இன்னொரு கம்பியிலும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும் என்றோ, கம்பிச்சுருளுக்குள் வைத்த காந்தம் அங்கே இருக்கும்வரை சுருளில் மின்னோட்டம் நீடிக்கும் என்றோ எதிர்பார்த்தது இயல்பே. அசையாமல் கிடக்கும் காந்தம் ஓயாமல் மின்னோட்டம் தருமானால், கம்பியைச் சூடாக்கும் ஆற்றல் செலவின்றி எங்கிருந்தோ வந்தாகவேண்டும் என்று இன்றைய பள்ளி மாணவர்கூட மறுத்துவிடுவார். ஆனால் ஆற்றல் அழிவின்மை விதி 1840களில்தான் உருப்பெற்றது என்பதால், 1820களின் ஆய்வாளர்க்கு அந்த மறுப்பு கைவசம் இல்லை.

தவறவிட்டவர்களின் வரிசையில் முதலிடம் ஆந்த்ரே மரி ஆம்பியருக்கு உரியது. 1822இல் ஜெனீவா நகரில் இளம் ஆய்வாளர் ஒகுஸ்த் தெ ல ரீவ் உடனிருக்க அவர் செய்த சோதனையில், மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளின் உட்புறத்தே மெல்லிய செம்பு வளையம் ஒன்று இழையால் தொங்கவிடப்பட்டு, அதனருகே வலிய லாடக் காந்தம் கொண்டுவரப்பட்டது. வளையம் அசைந்தது. மின்கலத்துடன் எவ்வகையிலும் இணைக்கப்படாத செம்பில் மின்னோட்டம் தோன்றியதாலன்றி அந்த அசைவு நிகழ்ந்திருக்க முடியாது. ஆம்பியர் அதைக் கண்டார், குறித்தார், கடந்தும் சென்றார். காந்தத்துக்குள் சுழல்வதாகத் தாம் கருதிய மின்னோட்டங்கள் காந்தத்தின் அச்சைச் சுற்றுகின்றனவா, ஒவ்வொரு மூலக்கூற்றையும் தனித்தனியே சுற்றுகின்றனவா என்பதே அப்போது அவர் மனத்தை ஆட்கொண்டிருந்த வினா. வளையத்தின் அசைவு அந்த வினாவுக்கு விடை தரவில்லை என்பதால் அவர் கணக்கில் அது மதிப்பிழந்தது. ஒரு கொள்கையில் ஆழ்ந்த மனம் அதற்கு வெளியே நிகழ்வதைக் கண்ணால் கண்டும் காணாதிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்தொடரில் இனி வரப்போவதில்லை.

அதே ஜெனீவாவில் சில ஆண்டுகள் கழித்து ஜான் தானியல் கொலாடோன் செய்த சோதனை, மிகுதியாக எடுத்துரைக்கப்படுவது. பெரும்பாலும் வேடிக்கைக்காக எடுத்துரைக்கப்படுவது. நீண்ட கம்பிச்சுருள் ஒன்றைக் கால்வனாமீட்டருடன் இணைத்து, வலிய காந்தத்தைச் சுருளில் செலுத்திப் பார்ப்பது அவருடைய திட்டம். காந்தம் கால்வனாமீட்டரின் ஊசியை நேரடியாகவே இழுத்துவிட்டால் முடிவு கெட்டுவிடும் என்று அஞ்சி, அவர் கால்வனாமீட்டரை வேறோர் அறையில் வைத்து நீண்ட கம்பிகளால் இணைத்தார். ஓர் அறையில் காந்தத்தைச் செலுத்திவிட்டு, மறு அறைக்கு நடந்து சென்று ஊசியைப் பார்த்தபோது அது எப்போதும்போல் நின்றுகொண்டிருந்தது; பிழையைத் தவிர்க்க மேற்கொண்ட முன்னெச்சரிக்கையே விளைவை மறைத்துவிட்டது. உதவியாளர் ஒருவர் மறு அறையில் இருந்திருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்று சொல்வது வழக்கம். அக்கூற்று ஓரளவே சரி. நடந்து செல்லும் நேரத்துக்குள் மறைந்துவிடக்கூடிய ஒன்றைத் தாம் தேடுகிறோம் என்ற ஐயமே கொலாடோனுக்கு எழவில்லை. நிலையான மின்னோட்டத்தைத் தேடியவர் விரைந்து நடக்கவேண்டிய தேவைதான் என்ன?

பாரிஸில் பிரான்சுவா அராகோ 1824இலும் 1825இலும் காட்டிய ஒரு நிகழ்வு மட்டும் இந்தக் கேள்வியின் போதாமையை எல்லோர் முன்னிலையிலும் வெளிப்படுத்திக்கொண்டிருந்தது. காந்த ஊசியின் கீழே ஒரு செம்புத் தட்டைச் சுழற்றினால், செம்பு காந்தப் பொருள் அன்று எனினும், ஊசி தட்டைத் தொடர்ந்து சுழலத் தொடங்குகிறது. தட்டு நின்றால் எல்லாம் நின்றுவிடுகிறது. இலண்டனில் சார்லஸ் பாபேஜும் ஜான் ஹெர்ஷலும் 1825இல் இச்சோதனையைத் திரும்பச் செய்து, சுழற்சியால் செம்பு தற்காலிகக் காந்தமாகிறது என்று விளக்க முயன்றனர். சுழற்சி இல்லையேல் விளைவும் இல்லை என்பதுதான் அந்நிகழ்வின் உயிர்நாடி. அதை ஏழாண்டுகள் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

மைக்கேல் ஃபாரடேயும் இந்தப் பொதுப் பிழைக்கு விலக்கல்லர் என்பதை அவருடைய ஆய்வேடு காட்டுகிறது. கொல்லர் மகனாக 1791இல் பிறந்து, இலண்டன் புத்தகக் கட்டுநர் ஒருவரிடம் தொழில் பயின்று, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே வேதியியலைக் கற்று, 1813இல் ஹம்ஃப்ரி டேவியின் உதவியாளராக ராயல் இன்ஸ்டிடியூஷனில் சேர்ந்தவர் அவர். 1825 நவம்பரில், இடையே காகிதம் வைத்துப் பிரித்த இரு கம்பிகளை அருகருகே நீட்டி, ஒன்றை மின்கல அடுக்குடனும் மற்றதைக் கால்வனாமீட்டருடனும் இணைத்துப் பார்த்தார்; எந்த விளைவும் தெரியவில்லை என்று எழுதினார். பின்னும் ஓரிரு முறை முயன்று கைவிட்டார். அந்த ஆண்டுகளில் தொலைநோக்கிக் கண்ணாடியை மேம்படுத்தும் பணி அவர் நேரத்தைப் பெரிதும் விழுங்கிக்கொண்டிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மின்காந்தமும் வலுப்பெற்றது: தேனிரும்பைச் சுற்றிய கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்தி அதைக் காந்தமாக்கும் உத்தியை இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் 1825இல் வெளியிட, அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஜோசப் ஹென்றி கம்பியின் மீதே பட்டைச் சுற்றிக் காப்பிட்டு, பல அடுக்குகளாக நெருக்கமாகச் சுற்றி, 1831இல் 2,000 பவுண்டுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கும் மின்காந்தத்தை உருவாக்கினார்.

1831 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஃபாரடே செய்த சோதனையின் கருவி இன்றும் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கிறது. முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தடிமன் கொண்ட தேனிரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்துச் செய்த, 6 அங்குல வெளிவிட்டமுள்ள வளையம் அது. அதன் ஒரு பாதியில் ஏறத்தாழ 24 அடி நீளமுள்ள மூன்று செம்புக் கம்பிகளும், மறு பாதியில் இரு துண்டுகளாக 60 அடிக் கம்பியும் சுற்றப்பட்டன. காப்பிட்ட கம்பியைக் கடையில் வாங்கும் வழக்கம் இல்லாத காலமாதலால், சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே நூற்கயிற்றையும், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே காலிகோத் துணியையும் வைத்துச் சுற்றவேண்டியிருந்தது. கோழிக்கோட்டின் பெயரால் ஐரோப்பாவில் வழங்கிவந்த அப்பருத்தித் துணி, உலகின் முதல் மின்மாற்றியின் காப்புப் பொருளாக அமைந்தது என்பது வரலாற்றின் சிறு ஒட்டுறவுகளில் ஒன்று. இருபுறச் சுருள்களுக்கும் இடையே உலோகத் தொடர்பு எதுவும் இல்லை. இரும்பு மட்டுமே இரண்டையும் இணைத்தது.

இரண்டாம் சுருளின் முனைகள் ஒரு செம்புக் கம்பியால் இணைக்கப்பட்டு, அக்கம்பி வளையத்திலிருந்து 3 அடி தொலைவில் இருந்த காந்த ஊசியின் மேலாகச் செலுத்தப்பட்டது. முதற்சுருளின் ஒரு கம்பியை, 4 அங்குலச் சதுரத் தகடுகள் 10 இணை கொண்ட மின்கல அடுக்குடன் இணைத்த அக்கணமே ஊசி அசைந்து, ஊசலாடி, மீண்டும் பழைய இடத்திலேயே நின்றது. மின்னோட்டம் முதற்சுருளில் தொடர்ந்து பாய்ந்துகொண்டிருந்தபோதிலும் ஊசி அசையவில்லை. மின்கல இணைப்பைத் துண்டித்தபோது மறுபடியும் ஒரு துடிப்பு எழுந்தது. கேள்வி பழையதாகவே இருந்திருந்தால், ஊசி பழைய நிலையில் நிற்கிறது என்ற ஒரு வரியோடு இச்சோதனையும் தோல்விப் பட்டியலில் சேர்ந்திருக்கும். ஃபாரடே அந்தத் துடிப்பையே விளைவாகக் கொண்டார். ஆய்வேட்டில் அன்று பதிவானவற்றுள் மிக முக்கியமானது, விளைவு நிலைக்காதது என்ற குறிப்பே. எனினும் அவருக்கும் அது உடனே முழுமையாகப் புலப்பட்டுவிடவில்லை. செப்டம்பரில் நண்பர் ரிச்சர்ட் ஃபிலிப்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தூண்டிலில் ஏதோ சிக்கியிருப்பதாகவும், இழுத்துப் பார்த்தால் அது மீனாக இல்லாமல் வெறும் பாசியாகவும் இருக்கலாம் என்றும் அவர் தயங்கினார்.

அந்தத் தயக்கத்தின் அடியில் இருந்தது இரும்பு பற்றிய ஐயம். ஊசியை அசைத்தது இரும்பின் காந்தமாற்றமா, அல்லது மின்னோட்டமே மின்னோட்டத்தைத் தூண்டியதா? இதைப் பிரித்தறிய மரக்கட்டை ஒன்றில் 203 அடிக் கம்பியையும், அதன் சுற்றுகளுக்கு இடையே மேலும் 203 அடிக் கம்பியையும் சுற்றி, 100 இணைத் தகடுகள் கொண்ட அடுக்கால் மின்னோட்டத்தைச் செலுத்தினார். இரும்பே இல்லாத அக்கருவியிலும், இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் கால்வனாமீட்டரில் மிகச் சிறிய அசைவு தென்பட்டது. பின்னர் அச்சிட்ட கட்டுரையில் ஃபாரடே இந்த மரக்கட்டைச் சோதனையையே முதலில் வைத்து, உண்மையில் முதலில் வெற்றி தந்த இரும்பு வளையத்தைப் பின்னுக்குத் தள்ளினார். கண்டுபிடித்த வரிசை வேறு, மெய்ப்பிக்கும் வரிசை வேறு என்பதை அவர் நன்கறிந்திருந்தார். கட்டுரையை மட்டும் படிப்பவருக்கு ஒரு நேரான பாதை தெரியும், ஆய்வேட்டைப் படிப்பவருக்கே வளைவுகள் தெரியும்.

அக்டோபர் 17ஆம் நாள் மின்கல அடுக்கும் தேவையற்றதாயிற்று. காகித உருளையில் சுற்றிய செம்புக் கம்பிச்சுருளின் முனைகளைக் கால்வனாமீட்டருடன் இணைத்து, எட்டரை அங்குல நீளமுள்ள சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் விரைவாகச் செலுத்தியபோது ஊசி ஒருபுறம் விலகியது. காந்தம் உள்ளே அசையாமல் இருந்தபோது ஊசி திரும்பி நின்றது. வெளியே இழுத்தபோது மறுபுறம் விலகியது. ஆறாண்டுகளுக்கு முன் கொலாடோன் செய்ததும் ஏறக்குறைய இதுவே, அறை ஒன்றுதான் வேறு.

கணநேர மின்னோட்டத்தைத் தொடர் மின்னோட்டமாக்கும் வழியை அராகோவின் தட்டு காட்டியது. 18ஆம் நூற்றாண்டில் கோவின் நைட் என்பார் அமைத்த, 15 அங்குல நீளமுள்ள சுமார் 450 சட்டக் காந்தங்களை ஒரு பெட்டியில் அடுக்கிய பெருங்காந்தம் ராயல் சொசைட்டியின் உடைமையாக, அப்போது வூலிச்சில் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டியின் வீட்டில் இருந்தது. அக்டோபர் 28ஆம் நாள் ஃபாரடே அங்கே சென்று, 12 அங்குல விட்டமுள்ள செம்புத் தட்டை அக்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே சுழற்றினார். தட்டின் அச்சை ஒரு கம்பியும் விளிம்பை ஒரு கம்பியும் தொட்டுக்கொண்டிருக்க, கால்வனாமீட்டரின் ஊசி விலகியது மட்டுமன்றி, தட்டு சுழலும்வரை விலகியே நின்றது. சுழற்சியின் திசையை மாற்றியபோது விலக்கத்தின் திசையும் மாறியது. கையின் உழைப்பு நேரடியாகத் தொடர் மின்னோட்டமாக மாறிய முதல் கருவி இதுவே. அராகோவின் புதிரும் இத்துடன் அவிழ்ந்தது: காந்த ஊசியின் அருகே சுழலும் செம்பில் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன, அவற்றின் காந்த விளைவே ஊசியை இழுத்துச் செல்கிறது. உலோகப் பிழம்புக்குள் நீர்ச்சுழிபோல் வளையமிடும் இவை பிற்காலத்தில் சுழல் மின்னோட்டங்கள் எனப் பெயர்பெற்றன.

இந்த எல்லாச் சோதனைகளையும் ஒரே விதியில் அடக்க, காந்தப் பாயம் என்ற அளவு தேவைப்படுகிறது. காந்தத்தின்மீது காகிதத்தை விரித்து இரும்புத் தூளைத் தூவினால் தோன்றும் வளைகோடுகளை ஃபாரடே காந்த விசைக்கோடுகள் என்றார். கம்பிச்சுருளின் வாய்க்குள் நுழைந்து செல்லும் அக்கோடுகளின் மொத்த அளவையே இன்றைய இயற்பியல் பாயம் என்கிறது. சுருளில் மின்னோட்டத்தை உந்தும் மின்னியக்கு விசை, பாயம் எவ்வளவு என்பதைப் பொறுத்ததன்று. பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. சான்றாக, 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள 100 சுற்றுச் சுருள் ஒன்றை, 0.1 டெஸ்லா அளவுள்ள காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக வைத்து, பத்தில் ஒரு நொடியில் அப்புலத்தை அகற்றினால் சராசரியாக 1 வோல்ட் தோன்றும். அதே புலத்தைப் பத்து நொடிகளில் மெல்ல அகற்றினால் நூற்றில் ஒரு வோல்ட்டே தோன்றும். அகற்றாமல் ஆயிரம் ஆண்டு வைத்திருந்தாலும் எதுவும் தோன்றாது. வளையச் சோதனையில் ஊசி துடித்தடங்கியதன் காரணம் இதுவே: முதற்சுருளில் மின்னோட்டம் சுழியிலிருந்து முழு அளவுக்கு ஏறும் அச்சிறுபொழுதில் மட்டும் பாயம் மாறுகிறது, பின் நிலைபெறுகிறது. மரக்கட்டையில் மங்கிய விளைவு இரும்பில் துலக்கமாகத் தெரிந்ததும், இரும்பு பாயத்தைப் பன்மடங்கு பெருக்குவதால்தான்.

ஃபாரடே முதலில் தந்த விளக்கம் இவ்வளவு தெளிவானதன்று. மின்னோட்டம் நிலையாகப் பாயும்போது அருகிலுள்ள கம்பி வெளியே புலப்படாத ஒரு தனிப்பட்ட இறுக்கநிலையில் இருப்பதாகவும், அந்நிலையை எய்தும்போதும் இழக்கும்போதும் மட்டுமே மின்னோட்டம் தோன்றுவதாகவும் அவர் கருதினார். அந்நிலையைக் காட்டும் சோதனை எதுவும் அகப்படாததால், கம்பி விசைக்கோடுகளை வெட்டிச் செல்வதே காரணம் என்ற விளக்கத்துக்கு விரைவிலேயே வந்து சேர்ந்தார். கைவிடப்பட்ட அந்த இறுக்கநிலைக்கு 1850களில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணித உருவம் கொடுத்து உயிரூட்டியதை இத்தொடர் உரிய இடத்தில் காணும்.

கண்டுபிடிப்பின் கட்டுரை 1831 நவம்பர் 24ஆம் நாள் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. அடுத்த மாதமே முன்னுரிமைச் சிக்கல் தலைதூக்கியது. பாரிஸிலிருந்த ஹஷேத்துக்கு ஃபாரடே எழுதிய சுருக்கமான கடிதம் பிரெஞ்சு அறிவியல் அவையில் படிக்கப்பட்டுச் செய்தித்தாளிலும் வெளிவர, அதைக் கொண்டே இத்தாலியர்களான நோபிலியும் அந்தினோரியும் சோதனைகளைத் திரும்பச் செய்து ஒரு கட்டுரை எழுதினர். கட்டுரையின் நாள் 1832 ஜனவரி. ஆனால் அது இடம்பெற்ற இதழ் காலந்தாழ்ந்து வெளிவந்ததாகையால் அதன் முகப்பில் 1831 நவம்பர் என்றே இருந்தது. இதழை மட்டும் பார்த்தவர்களுக்கு இத்தாலியரே முந்தியவராகத் தோன்றினர். ஃபாரடே இதனால் மனம் கசந்து, அக்கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தம் மறுப்புக் குறிப்புகளுடன் வெளியிடச் செய்தார்.

ஜோசப் ஹென்றியின் நிலை வேறு. ஆல்பனி அகாதமியில் ஆசிரியப் பணி பெரும்பொழுதைக் கொண்டுவிட, விடுமுறைக் காலத்திலேயே ஆய்வு செய்யமுடிந்த அவர், மின்காந்தத்தின் முனைகளை இணைக்கும் இரும்புத் துண்டின்மீது கம்பியைச் சுற்றி, 40 அடி தொலைவில் இருந்த கால்வனாமீட்டரில் அதே கணநேர விலக்கத்தைத் தாமாகவே கண்டிருந்தார். ஃபாரடேயின் சோதனைகளைப் பற்றிய செய்தி அமெரிக்காவை எட்டிய பின்னரே 1832 ஜூலையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. யார் முதலில் கண்டார் என்ற வாதம் எவ்வாறாயினும், அச்சில் முந்தியவர் ஃபாரடே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஹென்றியின் கட்டுரையில் ஃபாரடே அதுவரை கவனிக்காத ஒன்று இருந்தது: நீண்ட கம்பி வழியே மின்னோட்டம் பாயும் சுற்றைத் துண்டிக்கும்போது குட்டைக் கம்பியில் எழாத வலிய பொறி எழுகிறது. தன் மின்னோட்டம் குறையும்போது சுருள் தன்னிலேயே மின்னியக்கு விசையைத் தூண்டிக்கொள்வதால் நிகழும் இது, தன்மின்தூண்டல் எனப்படுகிறது. அதன் அலகு ஹென்றியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தூண்டப்படும் மின்னோட்டத்தின் திசையை ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே சொல்லவேண்டியிருந்த குழப்பத்தை, செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் எமில் லென்ஸ் 1833இல் படித்து 1834இல் அச்சிட்ட கட்டுரை நீக்கியது. தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே தூண்டு மின்னோட்டம் பாயும் என்பது லென்ஸ் விதி. சுருளை நோக்கி வரும் காந்தத்தைச் சுருள் தள்ளும், விலகும் காந்தத்தைப் பற்றி இழுக்கும். ஆகவே மின்னோட்டம் பெற விரும்புபவர் அந்த எதிர்ப்பை மீறி உழைத்தே ஆகவேண்டும்.

அந்த உழைப்பைப் பொறியாக்கும் முயற்சி லென்ஸின் விதிக்கு முன்பே தொடங்கிவிட்டது. பாரிஸில் கருவி செய்யும் தொழிலினரான இப்போலித் பிக்ஸி, 1832இல் லாடக் காந்தம் ஒன்றைக் கைப்பிடியால் சுழலச் செய்து, இரும்பு உட்கருவில் சுற்றிய இரு சுருள்களின் முன்னே அதன் வடமுனையும் தென்முனையும் மாறிமாறிக் கடக்குமாறு அமைத்தார். வூலிச் தட்டு தந்ததைவிட மிக வலிய மின்னோட்டம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு முனையும் கடக்கும்தோறும் அதன் திசை புரண்டது. மின்கல அடுக்கின் ஒருதிசை மின்னோட்டத்துக்கே பழகிய அக்காலத்தார், இந்த மாறுதிசை மின்னோட்டத்தைப் பொறியின் குறையாகவே எண்ணினர். திசை புரளும் அதே கணத்தில் இணைப்புகளையும் புரட்டி, வெளிச்சுற்றில் மின்னோட்டம் ஒரே திசையில் செல்லுமாறு செய்யும் திசைமாற்றியைப் பிக்ஸி பின்னர் சேர்த்துக்கொண்டார். அதைச் சேர்க்கும்படி அவருக்குச் சொன்னவர், பத்தாண்டுகளுக்கு முன் ஜெனீவாவில் செம்பு வளையத்தின் அசைவைக் கண்டு கடந்துபோன ஆம்பியர்.

(தொடரும்)